பழைய மண்பாண்டங்களும் நாட்டுப்புறக் கலைப்பொருள்களும் சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழம்பொருள் சேகரிப்பவர்கள் கூடும் இடங்களில் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலும் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. எண்ணைப் பார்த்து மேலே போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

1. ஆன்டிக், விண்டேஜ் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே, என்னதான் வித்தியாசம்?

நூறு ஆண்டு தாண்டியது ஆன்டிக். வியாபாரிகள் ஏற்றுக்கொண்ட கணக்கு இது. அமெரிக்கச் சுங்க விதிகளும், இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொதுவாக இதே நூறைத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன. விண்டேஜுக்கு அப்படிச் சட்ட எல்லை எதுவும் கிடையாது. நூறுக்குக் குறைவு, ஆனால் ஒரு தலைமுறையாவது பழசு என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

‘ஆன்டிக் ஸ்டைல்’, ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று எழுதியிருந்தால் பொருள் புதிது. விற்பவர் பொய் சொல்லவில்லை, நாம்தான் அவசரத்தில் பாதியை மட்டும் படிக்கிறோம்.

2. செய்தவர் பெயரே தெரியாத பொருளுக்கு எப்படி மதிப்பு வரும்?

நாட்டுப்புறக் கலையில் பெயர் தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். ஜாடி செய்தவர் அதைக் கலை என்று நினைத்துச் செய்யவில்லை. தானியம் கொட்டி வைக்கச் செய்தார். ஜப்பானில் யனாகி சோயெட்சு, ஹமாடா ஷோஜி, கவாய் கன்ஜிரோ மூவரும் 1925-இல் இதற்கு ‘மிங்கெய்’ என்று ஒரு பெயரே வைத்தார்கள். பெயர் அறியாத கைவினைஞர் அன்றாடப் பயனுக்காகச் செய்த பொருளின் அழகு என்பதுதான் அவர்கள் பிடித்துக்கொண்ட கருத்து. அதற்காகவே 1936-இல் டோக்கியோவில் ஒரு அருங்காட்சியகமும் எழுந்தது.

பெயர் இருக்கும்போது அதன் கனம் வேறு. அமெரிக்காவின் தென் கரோலினாவில், எட்ஜ்ஃபீல்டு வட்டாரத்தில், டேவிட் டிரேக் என்ற குயவர் அடிமையாக இருந்தபடியே ஜாடிகள் வனைந்தார். ஈர மண்ணில் ‘டேவ்’ என்று பெயரும் தேதியும் பொறித்தார், சிலவற்றில் இரண்டு வரிக் கவிதையும் எழுதினார். அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரக் கூடாது என்று அந்த மாநிலம் 1834-இல் சட்டம் போட்டிருந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அவர் எழுதிக்கொண்டேதான் இருந்தார். 25 கேலனும் அதற்கு மேலும் கொள்ளும் அந்த ஜாடிகளை இன்று பெரிய அருங்காட்சியகங்கள் போட்டி போட்டு வாங்குகின்றன.

3. எதிலிருந்து ஆரம்பிப்பது? கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கத் தோன்றுகிறது.

ஒரே வகையை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு மெருகு ஜாடி, மர அச்சு, நீலச் சித்திரம் அச்சிட்ட தட்டு என ஏதாவது ஒன்று. (மெருகு என்று நான் சொல்வது பாண்டத்தின் மேல் உள்ள கண்ணாடிப் பூச்சை, அதாவது கிளேஸை.) ஒரே வகையில் ஐம்பது பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஐம்பத்தொன்றாவது சரியில்லை என்பது எடுத்த எடுப்பில் தெரிந்துவிடும். பத்து வகையில் ஐந்தைந்து பார்த்தவருக்கு அது வராது.

வாங்காமல் பார்ப்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். ஏல விற்பனைக்கு முந்தைய பார்வை நாள் அருமையான பள்ளிக்கூடம். காசு கொடுக்காமல் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். உடைந்த துண்டுகள் மலிவாகக் கிடைத்தால் வாங்கி வையுங்கள். உடைந்த விளிம்பில் உள்மண்ணின் நிறமும் மெருகின் தடிமனும் தெரிவதுபோல் முழுப் பொருளில் தெரியாது.

4. மண்பாண்டம், ஸ்டோன்வேர், பீங்கான்: எதை வைத்துப் பிரிப்பது?

சூளைச் சூட்டை வைத்து. சாதாரண மண்பாண்டம் சுமார் 1150 டிகிரி செல்சியஸுக்குள் வெந்தது. உள்ளே நுண்துளைகள் இருக்கும், தண்ணீரை உறிஞ்சும். ஸ்டோன்வேர் 1200-க்கு மேல் வெந்து இறுகியது. மெருகு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் கசியாது. பீங்கான் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணில் செய்து இன்னும் கடுமையாகச் சுட்டது. மெல்லிய பீங்கானை விளக்குக்கு முன் பிடித்தால் பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும்.

அடியில் மெருகு படாத இடத்தை ஈர விரலால் தொடுங்கள். ஈரம் சட்டென்று உள்ளே போனால் மண்பாண்டம், அப்படியே நின்றால் மற்ற இரண்டில் ஒன்று. உப்பு மெருகு என்பது ஸ்டோன்வேரில் ஒரு வகை. சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உள்ளே உப்பைக் கொட்டுவார்கள். அந்த ஆவி மண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகிவிடும். ஆரஞ்சுத் தோல் போன்ற சின்னச் சின்னக் குழிகளை வைத்து அதை அடையாளம் காணலாம்.

5. அடியில் முத்திரை இருக்கிறது. அப்புறம் என்ன, அசல்தானே?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பொருளிலேயே போலியாகச் செய்ய மிகச் சுலபமான பகுதி முத்திரைதான். ஜெர்மனியின் மைசன் பீங்கானில் போடும் குறுக்குவாள் முத்திரையை மற்ற ஆலைகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நகலெடுத்து வருகின்றன. சீனப் பீங்கானில் அரசர் பெயர் இருந்தால் அந்த அரசர் காலம் என்று அர்த்தமில்லை. காங்ஷி அரசர் காலத்தில், 1677-இல், அவர் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று, பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெஜென் நகரில் தடை வந்தது. குயவர்கள் இருநூறு ஆண்டு முந்தைய செங்ஹுவா அரசரின் பெயரை எழுதினார்கள். அது மோசடியில்லை, பழைய கலைக்குச் செய்த மரியாதை. ஆனால் படிக்கத் தெரிந்தவரையே அது குழப்பிவிடும்.

முத்திரையின் உண்மையான பயன் கீழ்எல்லை சொல்வது: ‘இந்த ஆண்டுக்கு முன் செய்திருக்க முடியாது.’ அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, 1891 முதல் இறக்குமதிப் பொருளில் எந்த நாடு என்று ஆங்கிலத்தில் போட வேண்டியிருந்தது. அதனால் அடியில் நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. ஜப்பானியப் பொருளில் ‘நிப்பான்’ என்று இருந்தால் 1891-க்கும் 1921-க்கும் இடையில். ‘ஜப்பான்’ என்றால் அதற்குப் பிறகு. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டாம் உலகப்போர் முடிந்து 1952 வரையிலான காலம். பிரிட்டிஷ் பொருளில் சாய்சதுர முத்திரை 1842 முதல் 1883 வரை இருந்தது, 1884 முதல் பதிவு எண் வந்தது. இரண்டுமே வடிவமைப்பைப் பதிவு செய்த காலத்தைச் சொல்பவை. அதே வடிவத்தை முப்பது ஆண்டு கழித்தும் செய்திருப்பார்கள்.

நாட்டின் பெயர் இல்லாததால் 1891-க்கு முந்தையது என்று திருப்பிப் போட்டுவிடாதீர்கள். காகித ஒட்டு கழன்று போயிருக்கலாம், பொருள் அமெரிக்காவுக்கே போகாமல் இருந்திருக்கலாம்.

6. கையெழுத்துப் போட்ட பொருளாவது நம்பலாமா?

கையெழுத்து அசலாகவே இருந்தாலும் கேள்வி முடிவதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சான் இல்டெஃபோன்சோ என்ற பூர்வகுடிக் கிராமத்தைச் சேர்ந்த குயவர் மரியா மார்ட்டினஸ், 1919 வாக்கில் கணவர் ஜூலியனோடு சேர்ந்து கறுப்பில் கறுப்பு அலங்காரம் கொண்ட பானைகளைச் செய்யத் தொடங்கினார். மண்ணைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கியது மரியா, சித்திரம் ஜூலியன். பானைகளில் இருவர் பெயரும் இருக்கும். 1943-இல் ஜூலியன் இறந்த பிறகு மருமகள் சந்தானாவின் பெயர் சேர்ந்தது, அப்புறம் மகன் போபோவியின் பெயர். ஆகவே சேர்ந்திருக்கும் பெயரை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாம்.

ஆனால் அவர் பெயர் பிரபலமானபோது, அக்கம்பக்கத்துப் பெண்கள் செய்த பானைகளும் நல்ல விலைக்குப் போகட்டும் என்று அவற்றிலும் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுண்டு. அந்தக் கையெழுத்து அசல், பானை வேறொருவருடையது. அவர்கள் சமூகத்தில் பானையை ஒருவருடைய தனிப் படைப்பாகப் பார்க்கும் வழக்கம் இருந்ததில்லை. நம் கணக்குதான் அதற்குப் பொருந்தவில்லை.

7. முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. வயதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

தலைகீழாகத் திருப்புங்கள். பழம்பொருளில் நான் முதலில் பார்ப்பதும் கடைசியில் பார்ப்பதும் அடிவளையம்தான், அதாவது பாத்திரம் தரையில் உட்காரும் வட்ட விளிம்பு. நூறு ஆண்டு மேசையிலும் தரையிலும் நகர்ந்த ஒரு கிண்ணத்தின் அடியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கீறல்கள் எல்லாத் திசையிலும் போகும். சில ஆழம், சில மயிரளவு. பழைய கீறலில் அழுக்கு இறுகியிருக்கும், அதன் மேல் குறுக்கே ஓடும் புதிய கீறல் வெளுப்பாக இருக்கும். தரையில் படாத உட்பக்கம் கீறலே இல்லாமல் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த போலியில் கீறல் எல்லாம் ஒரே ஆழம், ஒரே போக்கு. தரையில் படவே முடியாத இடத்திலும் தேய்ந்திருக்கும்.

தேய்மானம் புழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும், அதுதான் விஷயம். கைப்பிடியில் கட்டைவிரல் பதியும் இடம், மூடி உட்காரும் விளிம்பு, தட்டின் நடுவில் கத்தி பட்ட கோடுகள் எல்லாம் தேய்ந்திருப்பது நியாயம். யார் கையும் படாத உட்குழிவில் தேய்ந்திருந்தால் அங்கே யாரோ வேலை காட்டியிருக்கிறார்கள். முகர்ந்தும் பாருங்கள். தேயிலைச் சாறு, ஷூ பாலிஷ் போட்டுப் பழசாக்கிய பொருளின் வாடை போக மாதக்கணக்காகும்.

அப்புறம் செய்முறைத் தடயங்கள். உள்ளே விரல் ஓடிய வளையங்கள் இருந்தால் சக்கரத்தில் வனைந்தது. இருபக்கமும் நேர்கோட்டில் சன்னமான தையல் போல் ஓடினால் அச்சில் வார்த்தது. தட்டின் அடியில் மூன்று புள்ளி வடு இருந்தால் சூளையில் முக்காலி வைத்து அடுக்கியது. அச்சுச் சித்திரம் (தாளில் அச்சடித்துப் பாத்திரத்தின் மேல் ஒட்டி மாற்றியது) என்றால் வளைவில் தாள் ஒட்டிச் சேர்ந்த இடத்தில் கோலம் சற்றுப் பிசகியிருக்கும். பிசகே இல்லாத நீல அச்சுத் தட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

8. மெருகு முழுக்கச் சிலந்திவலை மாதிரி கீறல். அப்படியென்றால் பழசுதானே?

இல்லை. மெருகும் உள்மண்ணும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வரும் கீறல் அது. சூளையிலிருந்து எடுத்த அன்றே வரலாம், உள்மண் ஈரத்தை வாங்கி மெல்ல விரிவதால் பல ஆண்டு கழித்தும் வரலாம். சீனாவில் அழகுக்காகவே அப்படிச் செய்த மரபும் உண்டு. ஆக, வயதுக்குச் சாட்சியாக இதை எடுக்க முடியாது.

கறை ஏறிய விதத்தைப் பாருங்கள். புழங்கிய பொருளில் எண்ணெயும் சாறும் இறங்கிய இடம் மட்டும் பழுப்பாக, தாறுமாறாக இருக்கும். எல்லாக் கோடும் ஒரே பழுப்பு என்றால் சாயத்தில் ஊற வைத்திருக்கிறார்கள்.

9. உடைந்து ஒட்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நகத்தால் மெல்லத் தட்டுங்கள். பீங்கானும் ஸ்டோன்வேரும் நல்ல நிலையில் இருந்தால் கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் ‘தொப்’ என்று அடங்கும். சாதாரண மண்பாண்டத்துக்கு இந்தச் சோதனை அவ்வளவு உதவாது, அது இயல்பிலேயே மந்தமாகத்தான் ஒலிக்கும். விளிம்பைச் சுற்றிக் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். பிசின் பூசிய இடம் சற்று வெதுவெதுப்பாகவும் வழவழப்பாகவும் படும். மெருகு சில்லென்று இருக்கும்.

இருட்டறையில் கையடக்கப் புற ஊதா விளக்கு இன்னும் நல்லது. பிசினும் பிற்காலப் பெயின்ட்டும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறுபட்டு ஒளிரும். சில புதுப் பிசின்கள் இதிலும் தப்பிவிடும், ஆகவே விளக்கு ஒன்றும் காட்டவில்லை என்பதால் பழுது இல்லை என்று ஆகாது. எழுதிக் கொடுக்கும் பில்லில் ‘பழுது பார்க்கப்படாதது’ என்று போடச் சொல்லுங்கள். சும்மா கேட்டால் இல்லை என்பவர்கள்கூட எழுதச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

10. அப்போது ஒட்டிய பொருளை வாங்கவே கூடாதா?

மறைத்தால்தான் குற்றம். வெளிப்படையான பழைய பழுது எனக்குப் பிடிக்கும். நல்ல பசை வருவதற்கு முந்தைய காலத்தில், உடைந்த தட்டில் பாதி ஆழத்துக்குச் சின்னத் துளை போட்டு உலோகக் கவ்விகளால் இழுத்துப் பிடித்தார்கள். பின்பக்கத்தில் அந்தக் கவ்விகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தாலே, இதை யாரோ தூக்கி எறிய மனமில்லாமல் வைத்திருந்தார்கள் என்று தெரியும். ஜப்பானியர்கள் அரக்கில் ஒட்டிப் பொன்தூள் தூவும் கின்சுகியும் அப்படித்தான். இவற்றைப் பிரித்து நவீனப் பிசினில் ஒட்டிவிடாதீர்கள்.

நீங்களே ஒட்ட வேண்டியிருந்தால் சூப்பர் குளூ வேண்டாம். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாராலாய்ட் பி-72 பிசின் அசிட்டோனில் கரையும். நாளை வேறொருவர் பிரித்துச் சரியாக ஒட்ட வழியிருக்கும்.

11. இதில் சாப்பிடலாமா? ஆசையாக இருக்கிறதே.

பழைய மெருகுகளில் ஈயம் பரவலாக இருந்தது. புளிப்பான பண்டம் பட்டால் அது கரைந்து இறங்கும். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. அமெரிக்காவில் 1936-இல் வந்த ‘ஃபியஸ்டா’ தட்டுகளின் பிரபலமான சிவப்பில் யுரேனியம் ஆக்சைடு இருந்தது. போருக்காக அரசு யுரேனியத்தை எடுத்துக்கொண்டதால் 1943-இல் அந்தச் சிவப்பு நின்றுபோய், 1959-இல் திரும்பி வந்து 1972 வரை ஓடியது. அலமாரியில் வைத்துப் பார்க்க அழகு, சாப்பாட்டுக்கு வேண்டாம். எட்டாவது பதிலில் சொன்ன கீறல்களிலும் மிச்சம் மீதி தங்கும்.

12. கழுவலாமா? அழுக்கு போக என்ன போடுவது?

மெருகு உள்ள, விரிசலோ பழுதோ இல்லாத பொருள் என்றால், பிளாஸ்டிக் பாத்திரத்தின் அடியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துளி திரவ சோப்பு விட்டு, ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், இரு கையாலும் உடம்பைப் பிடியுங்கள். பொன்கோடு உள்ள இடத்தைத் தேய்க்க வேண்டாம். பிளீச்சிங் கரைசல் பக்கமே போகாதீர்கள். கீறலுக்குள் இறங்கி உப்பாகப் படிந்து, பிறகு மெருகையே செதில் செதிலாகத் தள்ளிவிடும்.

மெருகு இல்லாததை நனைக்காதீர்கள், மெல்லிய உலர்ந்த தூரிகை போதும். ஆறாவது பதிலில் சொன்ன கறுப்புப் பானைகளின் பளபளப்பு வெறும் தேய்ப்பில் வந்தது. தண்ணீர் பட்டால் வெளிறிப்போகும்.

13. மரப் பொம்மை, மரப்பெட்டிக்கும் இதே கணக்குத்தானா?

தேய்மானக் கணக்கு அதேதான், தடயங்கள் வேறு. மரம் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கும். ஆகவே கடைசலில் வட்டமாகச் செய்த பழைய கிண்ணம் காலப்போக்கில் முட்டை வட்டமாகியிருக்கும். அளவுகோல் வைத்து இரு திசையிலும் அளந்து பாருங்கள். கச்சிதமான வட்டமாக இருந்தால் யோசியுங்கள். நட்சத்திரக் குழி உள்ள பிலிப்ஸ் திருகு 1930-களுக்கு முன் கிடையாது. வெள்ளைப் பெயின்ட்டில் டைட்டானியம் இருந்தால் 1920-களுக்குப் பிந்தையது. மேல்பூச்சு பின்னால் வந்ததாகவும் இருக்கலாம், அதையும் யோசிக்க வேண்டும்.

புழுத் துளையிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் உள்ளே உயிர் இருக்கிறது. மற்றவற்றோடு வைக்காமல் உடனே பாலித்தீன் உறையில் கட்டித் தனியே வையுங்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டிப் புதிதாக்கும் ஆசை வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நாட்டுப்புறப் பொருளில் அந்தப் பழைய பூச்சுதான் பாதி மதிப்பு.

14. ஆய்வகச் சான்றிதழோடு விற்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

சுட்ட மண்ணுக்கு வெப்ப ஒளிர்வுச் சோதனை உண்டு. கடைசியாகச் சூடேறியதிலிருந்து மண்ணில் சேர்ந்திருக்கும் கதிர்வீச்சுத் தடயத்தை அளக்கிறது. துல்லியமான ஆண்டு கிடைக்காது. நேற்றுச் செய்ததா, நூற்றாண்டுகள் பழசா என்று பிரிக்கத்தான் அது. மாதிரி எடுத்த இடத்தின் வயதை மட்டுமே அது சொல்லும். பழைய துண்டுகளை ஒட்டி உருவாக்கிய சிலையில், பழைய துண்டில் துளை போட்டால் ‘பழசு’ என்றுதான் வரும். செயற்கைக் கதிர்வீச்சில் காட்டிச் சோதனையைக் குழப்பவும் முடியும். சான்றிதழில் உள்ள புகைப்படமும் மாதிரி எடுத்த இடமும் உங்கள் கையில் உள்ள பொருளோடு ஒத்துப்போகின்றனவா என்றாவது பாருங்கள்.

பெரிய இடங்களே ஏமாந்திருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பண்டைய இத்தாலியின் எட்ரஸ்கன் மக்கள் செய்தவை என்று நம்பி, மூன்று பெரிய சுடுமண் வீரர் சிற்பங்களை 1915-க்கும் 1921-க்கும் இடையில் வாங்கியது. கறுப்பு மெருகில் மாங்கனீசு இருப்பதைப் பின்னர் கண்டார்கள். எட்ரஸ்கன்கள் அதை நிறத்துக்குப் பயன்படுத்தியதில்லை. 1961-இல், செய்தவர்களில் ஒருவரான அல்ஃபிரெடோ ஃபியோரவந்தி ஒப்புக்கொண்டார். ஒரு சிலையில் காணாமல் போயிருந்த கட்டைவிரலைத் தன்னிடமே வைத்திருந்து கொண்டுவந்து காட்டினார், கச்சிதமாகப் பொருந்தியது.

15. மண்ணுக்கடியில் கிடைத்தது என்கிறார்கள். வாங்கினால் தப்பா?

வாங்காதீர்கள். தோண்டி எடுத்த பானை எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற தகவல் போய்விட்டால் அதை மீட்கவே முடியாது. சட்டமும் கடுமையானது. பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது. அதையொட்டி, மாலி நாட்டின் நைஜர் பள்ளத்தாக்குச் சுடுமண் பொருள்களுக்கு அமெரிக்கா 1993-இல் இறக்குமதித் தடை போட்டது. பூர்வகுடிகளின் கல்லறைப் பொருள்களைத் திருப்பித் தருவதற்கென்றே 1990-இல் அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு நாட்டுக்கு நாடு வேறு. எல்லை தாண்டும் முன் இரு நாட்டு விதிகளையும் பாருங்கள்.

‘எங்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது’ என்பது ஆதாரமாகாது. பழைய பில், ஏலப் பட்டியல், தேதியுள்ள புகைப்படம்: இவைதான் ஆதாரம். விற்பவர் சொல்லும் கதையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

16. முதலீடாக வாங்கலாமா?

என் கருத்தில் வேண்டாம். ரசனை மாறினால் விலையும் போகும், விற்கும்போது தரகும் போகும். விலை தெரிய வேண்டுமானால், கேட்கும் விலையைப் பார்க்காமல் ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதன்மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

17. நான் வாங்கியது போலி என்று இப்போது தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் பில்லை எடுங்கள். ஒன்பதாவது பதிலில் பழுதுக்குச் சொன்னதுபோல், பொருளின் காலத்தையும் எழுதி வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. நல்ல வியாபாரி பேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார், அவரும் ஏமாந்திருக்கலாம். கேட்கும்போது சந்தேகத்துக்கான காரணங்களைப் படத்தோடு காட்டுங்கள், வெறும் ‘யாரோ சொன்னார்கள்’ எடுபடாது.

திருப்ப முடியாவிட்டால் பட்டியலில் ‘பிற்கால நகல்’ என்று குறித்து, பொருளின் அடியிலும் அழியாத மையில் சிறியதாக எழுதி வையுங்கள். சொல்லாமல் இன்னொருவர் தலையில் கட்டினால் அந்த ஏமாற்றில் நீங்களும் பங்காளி. அசலும் நகலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஏழாவது பதிலில் சொன்ன அடிவளையக் கீறல்களைப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட வசதியாக இருக்கும்.